இரத்த அழுத்த முகாம்களை எவ்வாறு கணக்கிடுவது?

ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடைபெறுவது இன்று பல பங்குகளில் வழக்கமாகிவிட்டது. மேசையருகே ஒரு செவிலியர், பதிவேட்டுடன் ஓர் இளைஞர், வாயில்வரை நீளும் வரிசை. மக்கள் இதனைப் ‘பிரஷர் பார்ப்பது’ என்பர். மாலையில் ‘இத்தனை பேர் பயன்பெற்றனர்’ என்று அறிக்கை எழுதப்படும். அடுத்த பங்கு மடலில் அந்த எண் இடம்பெறும். அந்த எண் உண்மையில் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாமல் விடுகிறது என்பதனை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்து, பின்னர் ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கேடாகவோ வெளிப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்நோய் உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியார். ஐவரில் நால்வர் போதிய சிகிச்சை பெறவில்லை. ஆகவே அளந்து பார்த்தல் தேவை என்பதில் ஐயமில்லை. அளந்தது எவ்வளவு தூரம் சென்றது, எவ்வளவு சரியாக அளந்தோம் என்பவையே கேள்விகள்.

முதலில் எட்டிய தூரத்தை எடுத்துக்கொள்வோம். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்த ஒரு முயற்சி இதற்கு நல்ல பாடம். பத்தாயிரம் முதல் அறுபதாயிரம் மக்கள் வாழும் 39 ஊர்களைத் தெரிந்து, சீட்டுக் குலுக்குவது போல் 20 ஊர்களில் மட்டும் திட்டத்தை நடத்தினர். ஏனைய 19 ஊர்களை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டனர். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தம் ஊர் மருந்துக் கடைக்கு அழைக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற தொண்டர்கள் உடனிருந்து உதவ, இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. 129 மருந்துக் கடைகளில் 27,358 முறை சோதனை நடந்தது. வந்தவர்களோ 15,889 பேர்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பலர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்திருக்கிறார்கள். அவ்வாறு வருவது நல்லதே. ஒருமுறை அளந்து முடிவு கட்டலாகாது. ஆயினும் சோதனைகளின் எண்ணிக்கையை மனிதர்களின் எண்ணிக்கையாக எழுதியிருந்தால், இல்லாத பதினோராயிரம் பேர் கணக்கில் புகுந்திருப்பர். நம் முகாம்களிலும் இது நேர்வதுண்டு. ஒவ்வோர் ஆண்டும் அதே பெரியவர்கள், அதே தாய்மார்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். ஐந்தாண்டு அறிக்கைகளைக் கூட்டினால் பங்கு முழுவதும் சோதிக்கப்பட்டதாகத் தோன்றும்.

நூறு ஆடுகள் இருந்தன என்று தெரிந்திருந்த ஆயனுக்குத்தான் ஒன்று காணாமற்போனது தெரிந்தது. தொண்ணூற்றொன்பதை மட்டும் எண்ணி மகிழ்ந்திருந்தால் அவன் தேடப் போயிருக்கவே மாட்டான். முகாமுக்கு வந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பொருள் ஏற்பட வேண்டுமாயின், வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்னும் எண்ணும் அதன்கீழ் எழுதப்பட வேண்டும். பங்குகளுக்கு இது கடினமன்று. குடும்பப் பதிவேடு நம் கையிலேயே இருக்கிறது; முப்பது வயது கடந்தோர் எத்தனை பேர் என்பதை ஒரு மாலைப்பொழுதில் எண்ணிவிடலாம்.

எண்ணிப் பார்த்தால் வராதோர் யார் என்பதும் தெரியவரும். உழைக்கும் வயது ஆண்கள்தாம் பெரும்பாலும் வராதோர். நோயில்லை என்று நினைப்பவன் மருத்துவர் முன் ஏன் நிற்க வேண்டும்? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் 52 முடிதிருத்தகங்களில் ஓர் ஆய்வு நடந்து, 2018-இல் அதன் முடிவு வெளிவந்தது. பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநர்களே சென்று, அழுத்தத்தை அளந்து, மருத்துவரின் இசைவோடு மருந்தும் கொடுத்தனர். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 27 மில்லிமீட்டர் இறங்கிற்று. மற்றக் கடைகளில், ‘உணவை மாற்றுங்கள், மருத்துவரைப் பாருங்கள்’ என்று முடிதிருத்துவோர் அறிவுரை கூறியதோடு நின்றது. அங்கே இறங்கியது 9 மில்லிமீட்டர் அளவே. ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அளவுகருவி சென்றது ஒரு காரணம். அதனோடு மருந்தும் சென்றது பெரிய காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இனி அளவின் தரம். இரத்த அழுத்தத்தை முதன்முதல் அளந்து நூலில் எழுதியவர் இங்கிலாந்தில் டெடிங்டன் ஊர்ப் பங்கின் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து, 1733-இல் அதனை வெளியிட்டார். (மறையுரைக்கு இடையே அவருக்கு எவ்வாறு நேரம் கிடைத்ததோ!) கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்காவ் 1905-இல் வகுத்தார். கருவி எளிமையாகிவிட்டது, அளக்கும் ஒழுங்கு மட்டும் எளிமையாகவில்லை.

முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் காப்பி, தேநீர், புகை கூடா. சிறுநீரை அடக்கிக்கொண்டு அமர்தல் கூடாது. அளக்கும்போது பேசுதல் கூடாது. கை, மார்பின் உயரத்தில் மேசைமீது தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். குறைந்தது இருமுறை அளக்க வேண்டும். நம் மண்டபத்து வரிசையில் இவற்றுள் எத்தனை நடைபெறுகின்றன? படியேறி வந்தவர் பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே கையை நீட்டுகிறார். அரை நிமிடத்தில் அடுத்தவர் அமர்கிறார்.

இவை சிறு பிழைகள் அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கையை மடியில் வைத்து அளந்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரும், பக்கவாட்டில் தொங்கவிட்டு அளந்தால் 6 மில்லிமீட்டருக்கு மேலும் கூடுதலாகக் காட்டும். மிகப் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் பிழை 20 மில்லிமீட்டரை நெருங்கும் என்று 2023-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. 140 என்னும் கோட்டின் அருகே நிற்பவரை நோயாளி ஆக்குவதற்கோ, நோயாளியைத் தப்பவிடுவதற்கோ ஐந்து மில்லிமீட்டரே போதும்.

பதிவேட்டைக் கொண்டே தரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. எழுதியுள்ள எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். மின்கருவியில் நேர்மையாகப் படித்தால் பத்தில் ஒன்று பூச்சியத்தில் முடியும்; இரண்டிரண்டாகக் கோடிட்ட கைக்கருவியில் ஐந்தில் ஒன்று முடியும். பக்கம் முழுவதும் 120/80, 130/80, 140/90 என்றே இருந்தால், அங்கே அளவு நடக்கவில்லை, மதிப்பீடே நடந்தது என்று துணிந்து கூறலாம். பெயர்ப் பகுதியை மறைத்துவிட்டு, எண்களை மட்டும் நம் இளைஞர் இயக்கத்தாரிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் எண்ணித் தந்துவிடுவர்.

தவறாக ஒருவரை நோயாளி எனல் வீண் கவலை மட்டுமன்று. கனடா நாட்டு எஃகுத் தொழிலாளரிடையே நடந்து 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘உமக்கு உயர் அழுத்தம் இருக்கிறது’ என்று புதிதாகச் சொல்லப்பட்டவர்கள் அதன்பின் வேலைக்கு வராத நாள்கள் கூடின. நேற்றுவரை உழைத்தவர், சொல் ஒன்றினால் நோயாளியானார். ஆதலால் ஒருநாள் அளவைக் கொண்டு முடிவு கூறாமல், ‘இன்று சற்றுக் கூடுதலாக உள்ளது, வேறொரு நாள் மீண்டும் பார்ப்போம்’ என்று சொல்லவும் தொண்டர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இன்னொரு மயக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. முகாமில் மிக உயர்ந்திருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து அடுத்த மாதம் அளந்தால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சராசரி சிறிது இறங்கியிருக்கும். இதனை நம் முகாமின் வெற்றியென்று பறைசாற்றலாகாது. ஒன்டாரியோவில் 19 ஊர்களைத் தொடாமல் விட்டதன் காரணம் இப்போது விளங்கும். அங்கே முகாமுக்கு வந்தோரின் அளவுகளை நம்பி அவர்கள் தீர்ப்பு எழுதவில்லை. ஊரிலுள்ள முதியோர் அனைவரும், வந்தவரும் வராதவரும், மாரடைப்பு, பக்கவாதம், இதயத் தளர்ச்சி ஆகியவற்றால் மருத்துவமனையில் சேர்ந்த கணக்கைப் பார்த்தனர். திட்டம் நடந்த ஊர்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் முதியோருக்கு மூன்று சேர்க்கைகள் குறைந்தன என்று 2011-இல் வெளியிட்டனர். மூன்று என்பது சிறிய எண்தான். ஆனால் அது உண்மையான எண்.

நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, மாத்திரைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். அதற்கு முன் 2020-இல் மாநில அளவில் எடுக்கப்பட்ட ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் அழுத்தம் உண்டென்றும், அவர்களுள் நூற்றுக்கு 7.3 பேருக்கே அது கட்டுக்குள் இருக்கிறதென்றும் கண்டது. சில ஆண்டுகளுக்குப்பின் எடுத்த இரண்டாம் ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் ஏறத்தாழ 17 ஆக உயர்ந்தனர். உயர்வு முழுவதற்கும் திட்டமே காரணம் என்று இவ்விரு எண்களைக் கொண்டு மட்டும் கூற இயலாது. எனினும் கேட்க வேண்டிய கேள்வியை அந்த ஆய்வுகள் கேட்டன. எத்தனை வீடுகள் தட்டப்பட்டன என்பதோடு நில்லாமல், எத்தனை பேருக்கு அழுத்தம் அடங்கிற்று என்று பார்த்தன.

பங்கு முகாம் நடத்துவோர் பதிவேட்டில் சில பத்திகளைக் கூட்டினால் போதும்: இதற்குமுன் அளந்தவரா, இரண்டாம் அளவு எவ்வளவு, எந்த நாளில் திரும்ப வரச் சொன்னோம், வந்தாரா, மருந்து தொடங்கினாரா, ஆறாம் மாதத்தில் அளவு என்ன. இறுதிப் பத்தி நிரம்புவதற்கு ஆறு மாதம் ஆகுமாதலால், அறிக்கையை முகாமன்று மாலையே எழுதிவிட முடியாது. தவக்காலத்தில் முகாம் நடத்தும் பங்கில் அது செப்டம்பர் மடலில்தான் வெளிவரும்.