தீர்ப்புக்குப் பின் செய்ய வேண்டியது

தண்டனை விதித்தவுடன் நியாயம் பூர்த்தியாகிவிட்டதென்று எண்ணுவோர் நம்மில் பலர். கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கிறது.

1992 ஜூன் 20-ந் தேதி வனம், போலீஸ், ரெவின்யூ இலாகாச் சிப்பந்திகள் அவ்வூரில் புகுந்து மலையாளிப் பழங்குடி மக்களைச் சூறையாடினர். 18 ஸ்திரீகள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். ஹைகோர்ட் ஆக்ஞையின்மேல் 1995-ல்தான் சி.பி.ஐ. விசாரணை ஏற்பட்டது. 2011-ல் தீர்ப்பு வருமுன் 269 எதிரிகளில் 54 பேர் மாண்டுபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென முடிவாயிற்று. 2023-ல் ஹைகோர்ட் அதை ஊர்ஜிதம் செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லக்ஷம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. முப்பத்தொரு வருஷம்! துன்புற்றோர் சொல்லை ஆதியிலேயே செவிசாய்த்துக் கேட்பாரிருந்தால் இத்தனை காலம் கழிந்திருக்குமா?

கல்வராயன் மலையிலும் அதே மலையாளி ஜனங்களே வசிக்கின்றனர். அங்கே ஜாகீர்கள் ஒழிந்தது 1976-ல்தான். தலைமுறை தலைமுறையாய் ஊறிய அச்சம் சட்டத்தால் மாத்திரம் அகலாது. ஆகவே கள்ளக்குறிச்சியில் வக்கீல்களும், உபாத்தியாயர்களும், வன இலாகாவினரும், மலைநாட்டு வாலிபரும் ஒருங்கே அமர்ந்து பயிற்சி பெறுதல் அவசியம். மிரட்டாமல் வாக்குமூலம் எழுதுவது, சாக்ஷிகளைக் காப்பது, நஷ்டஈடு கைசேரும்வரை பின்தொடர்வது, பகைத்தோரை மீண்டும் முகங்கொடுத்துப் பேசச் செய்வது ஆகிய இவை தாமே வரும் வித்தைகளல்ல. தென்னாப்பிரிக்காவின் உண்மை, சமரசக் கமிஷனும் வாக்குமூலம் வாங்குவோரைப் பயிற்றுவித்தே அனுப்பிற்று.

உண்மையும் ஈடும் முந்தினால் சமரசம் தானே பின்வரும். வாச்சாத்தித் தீர்ப்பையே முதற் பாடமாகக் கொண்டு கள்ளக்குறிச்சி வக்கீல்கள் முன்வருவார்களாக!