ஒரே கரண்டை ஏன் மறுபடி மறுபடி பிசகுகிறது?

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. இருட்டோடு இருட்டாக உப்பை வாரிக் குவித்து, கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வரப்போ ஒருவர் நடக்கும் அகலம்தான். ஈரமும் சேறும் உப்புப் பரலும் சேர்ந்து வழுக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடவை கால் பிசகுவதில் வியப்பில்லை. அதே கால் இரண்டாம் தடவை, நான்காம் தடவை என்று பிசகும்போது, “எனக்கு இந்தக் கால் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்குகிறார்களே, அங்கேதான் நாம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. அது அந்தக் காலின் ராசி அல்ல. முதல் சுளுக்கு முழுதாக ஆறாததன் விளைவு. சரிசெய்யக்கூடியது.

வெளிப்புறத்து மூன்று நார்கள்

கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முடிச்சிலிருந்து மூன்று நார்கள் பாத எலும்புகளுக்குப் போகின்றன. மருத்துவர்கள் லிகமென்ட் என்பது இவற்றைத்தான். பாதம் உள்பக்கமாகத் திரும்பி உடல் எடை வெளிப்பக்கம் சாயும்போது, முன்னால் இருக்கும் நார் முதலில் இழுபடும் அல்லது கிழியும். பெரும்பாலான சுளுக்குகள் இந்த வகைதான்.

முதல் சுளுக்குக்குப் பிறகு பத்தில் நான்கு பேர் வரை நிலையற்ற கணுக்காலோடு நின்றுவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அடையாளங்கள் எளியவை. சமதரையில் நடக்கும்போதே கால் சட்டென்று மடங்கும். மேடுபள்ளத்தில் இறங்கப் பயமாக இருக்கும். வேலை முடிந்த மாலையில் வெளிப்பக்கம் வீங்கி வலிக்கும். முதல் சுளுக்கு ஏற்பட்டு ஓராண்டு கடந்தும் இப்படி இருந்தால் அது நாள்பட்ட நிலையின்மை. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, நடுவயதிலேயே மூட்டுவாதம் வரக்கூடும்.

இருட்டும் தலைச்சுமையும்

நார் தளர்ந்துபோவது பாதிக் கதைதான். பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1965-லேயே மறுபாதியைச் சுட்டிக்காட்டினார். மூட்டைச் சுற்றியுள்ள நார்களில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தெரிவிப்பது இவற்றின் வேலை. நார் கிழியும்போது இந்த உணர்வும் மங்கிவிடுகிறது. கால் சாய்வது தாமதமாகத் தெரிகிறது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் பிரண்டுவிடுகிறது.

பகலில் இந்தக் குறையைக் கண் ஈடுகட்டும். நான்கு மணி இருட்டில் அந்த உதவியும் கிடையாது. தலையில் கூடை ஏறினால் உடலின் எடை மையம் மேலே போய்விடும். சிறு சாய்வைக்கூட கணுக்கால்தான் தாங்கியாக வேண்டும். பெரிய அளவு கம்பூட்ஸுக்குள் பாதம் தனியாக உருண்டால் நிலைமை இன்னும் மோசம். நகர மருத்துவமனையில் வெளிச்சமான அறையில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே நடக்கிறீங்க” என்று அனுப்பிவிட்டால் உப்பளத் தொழிலாளியின் சிக்கல் புரியாது. எப்போது, எதைச் சுமந்துகொண்டு, எதன்மேல் நடக்கும்போது பிசகுகிறது என்று நீங்களே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் மூன்று நாள்

பிசகிய உடனே எண்ணெய் போட்டு உருவி விடுவது நம் ஊர் வழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால், கிழிந்த நாரை அந்த நேரத்தில் அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவலும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைக்கலாம். குப்பங்களில் மீனுக்கு வரும் ஐஸே போதும். கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள்.

எலும்பு முறிவா, சுளுக்கா என்று பிரித்தறியக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் எளிய விதிகளை வகுத்தார்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முடிச்சுகளின் பின்விளிம்பில் அல்லது நுனியில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியில், பாதத்தின் உட்பக்க மேட்டில் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதற்கு முன் கட்டுப் போடுபவரிடம் போகாதீர்கள்.

வலி மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு வெயிலில் வேர்க்க வேர்க்க வேலை செய்தால், உடலில் நீர் குறைந்த நேரத்தில் அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சைக்கிள் டியூப் போதும்

வீக்கம் வடிந்த பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

உட்கார்ந்தபடி கட்டைவிரல் நுனியால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். மூட்டு எல்லாப் பக்கமும் அசையும். பழைய சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டி, ஒரு முனையைக் கட்டில் காலில் மாட்டி, மறுமுனையைப் பாதத்தில் போட்டு வெளிப்பக்கமாக இழுங்கள். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒற்றைக்கால் நிற்றல். சுவரோரம் முப்பது விநாடி நில்லுங்கள். எளிதானால் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் எளிதானால் மடித்த கோணிமேல். மங்கிய உணர்வை மீட்பது இதுதான். இருட்டில் வேலை செய்கிறவருக்குக் கண் மூடிய பயிற்சியை விடவே கூடாது. தினமும் செய்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். அதுவரை கயிறு கட்டும் வகை கணுக்கால் உறையை அணிந்து வேலை செய்வது நல்லது. வெறும் பேண்டேஜ் அந்த அளவு தாங்காது.

கூலி போய்விடுமே என்ற கேள்வி நியாயமானது. இந்தச் சில வாரங்களுக்குத் தலைச்சுமையைத் தவிர்த்து, உப்பு அடைக்கும் வேலையையாவது உப்பள உரிமையாளர்கள் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய சுளுக்குக்காரர்களுக்கு, உப்பெடுப்பு நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலம் பயிற்சிக்கு ஏற்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக

நெடுநாள் சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்திருந்தால், பிசகியதே தெரியாமல் போகலாம். கணுக்கால் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று விடாதீர்கள். எலும்புகள் நொறுங்கிப் பாதமே உருக்குலையும் சார்கோ பாதமாக அது இருக்கலாம். அன்றே காலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒற்றைக்கால் பயிற்சி இவர்களுக்கு மருத்துவர் சொன்ன பிறகுதான்.

கத்தி வைப்பது எப்போது?

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். 1966-ல் சுவீடனின் புரோஸ்ட்ரம் விவரித்த முறையின் அடிப்படையில், தளர்ந்த நாரை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இன்றும் நடக்கிறது. மரக்காணத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரம்தான். அறுவைக்குப் பிறகு கனமான வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களிலும் சைக்கிள் டியூபும் ஒற்றைக்கால் நிற்றலும் உண்டு. எப்போது தொடங்குவது என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார்.