அவன் சோம்பேறி இல்லை, அண்ணி!

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனால், "அடுத்து ஆலப்பாக்கம், அப்புறம் புதுச்சத்திரம், பி.முட்லூர்" என்று வழியெல்லாம் ஒப்பிப்பான் என் மகன். ஆனால், பஸ் போர்டில் இருக்கும் "சிதம்பரம்" என்ற எழுத்தைப் படிக்கத் தெரியாது. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு.

"இவ்வளவு வாய் பேசறியே, படிக்க மட்டும் உடம்பு வணங்கலையா?" என்று திட்டுவேன். ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். பத்தாவது வரை படித்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, "வயித்த வலிக்குதும்மா" என்பான். அதையும் நடிப்பு என்றே நினைத்தேன்.

போன வருஷம் பெரிய லீவில், சிதம்பரத்திலுள்ள என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் சிறப்பாசிரியை. இரண்டு நாள் அவனோடு விளையாடிப் பார்த்தவள், "அண்ணி, இவன் சோம்பேறி இல்லை. டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம். இதுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. கண்ணு, காதை சோதிச்சிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். பரிசோதனையில் அவள் சொன்னதே உறுதியானது.

யோசித்துப் பாருங்கள்... "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. வாயிலோ "க்" தான் முதலில் வருகிறது. "ன"வுக்கு இரண்டு சுழி, "ண"வுக்கு மூன்று. நமக்குச் சுலபம், அவன் திணறியது அங்கேதான்!

நாத்தனார் சொன்னபடி, தாம்பாளத்தில் மணல் பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்துகள். "சி-த-ம்-ப-ர-ம்" என்று பிரித்துச் சொல்லி, எழுத்துக்கு ஒரு புளியங்கொட்டையாக ஆறு வைக்கச் சொன்னேன். தினம் இருபது நிமிஷம்தான். தப்பு வந்தால் மறுபடியும் செய்வோம், அடி கிடையாது.

இந்தக் கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரிய மருத்துவச் சான்றிதழ் இருந்தால், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில், "சி...த...ம்...பரம்" என்று அவனே படித்தான். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சகோதரிகளே, ஸ்கேலைக் கையில் எடுக்கும் முன், பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஒரு நிமிஷம் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கடலூர்.