ஆஸ்ட்ராவாவின் பதினெட்டுப் பிள்ளைகள்

யேக், துய், த்ரின், ஷ்டார், பாஞ்ஜ். தில்லியில் முப்பது வருஷமாகக் காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசிப் பழகிய என் காதுக்கு இது ஏதோ பஞ்சாப் கிராமத்து எண்ணிக்கை போலத்தான் பட்டது. உண்மையில் இது ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் மொழி. தண்ணீர் அவர்களுக்கும் 'பானி'தான். மூக்கு 'நாக்', காது 'கான்'. ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கச் சொற்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பாரசீகமும் கிரேக்கமும் கடந்து போன பயணத்தின் தடம் அந்த எண்களிலேயே இருக்கிறது. 1971-இல் லண்டன் அருகே கூடிய அவர்களது முதல் உலக மாநாடு ஏற்றுக்கொண்ட கொடியின் நடுவிலும் ஒரு சக்கரம் உண்டு.

ஜிப்ஸி என்று நாம் படித்தது இவர்களைத்தான். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறந்த பெயர் அது. அவர்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை. நம் நரிக்குறவர்களையும் ஆங்கிலத்தில் அப்படி எழுதுவதால், இருவரும் ஒரே இனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ரோமாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டு, நடனம், குதிரை வண்டி என்று போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு வழக்கைப் பற்றி. வேற்று மொழி ஊரில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த நம் குடும்பங்களுக்கு அது எளிதில் விளங்கும்.

செக் நாட்டின் கிழக்கே ஆஸ்ட்ராவா என்ற ஊர். நிலக்கரியும் இரும்பாலையும் வளர்த்த நகரம். பழைய செக் ரோமாக்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். இன்று அந்நாட்டில் இருக்கும் ரோமாக்களில் மிகப் பலர் போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் வழியினர். பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள், நம்மைப் போலவே.

அந்நாட்டில் 'சிறப்புப் பள்ளி' என்று ஒரு வகை இருந்தது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது. பாடம் குறைவு, அங்கே படித்தவர்கள் பின்னாளில் தொழிற்பயிற்சி தவிர வேறு படிப்புக்குப் போவது அரிது. ஒரு மனநலச் சோதனை, பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் உத்தரவு. குழந்தை அங்கே போய்விடும். 1996-க்கும் 1999-க்கும் இடையில் அப்படி அனுப்பப்பட்ட பதினெட்டு ரோமாப் பிள்ளைகளின் சார்பில், புடாபெஸ்டிலிருந்து இயங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள்.

அரசின் பதில் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. சட்டத்தில் 'ரோமா' என்ற சொல்லே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே சோதனை. பெற்றோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிறகு பாகுபாடு எங்கே?

இங்கேதான் கணக்கு சாட்சிக்கு வந்தது. 1999-இல் ஊரின் 8 சிறப்புப் பள்ளிகள், 69 சாதாரண ஆரம்பப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் விவரம் கேட்டு வாங்கினார்கள். மொத்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் ரோமாக்கள் 2.26 சதவீதம், சிறப்புப் பள்ளிகளிலோ 56 சதவீதம். மற்றப் பிள்ளைகளில் 1.8 சதவீதத்தினரே சிறப்புப் பள்ளியில் இருந்தார்கள். ரோமாப் பிள்ளைகளில் 50.3 சதவீதம். ஏறக்குறைய இரண்டு குழந்தைக்கு ஒன்று! ஓர் இனத்தில் பாதிக் குழந்தைகள் அறிவு குறைந்தவர்கள் என்றால், கோளாறு குழந்தையிடம் இருக்க முடியாது, அளவுகோலில்தான் இருக்க வேண்டும்.

சோதனை எப்படிப் பிழைக்கும் என்பதை நாம் வெளியே தேட வேண்டாம். வீட்டில் 'கத்திரிக்காய்' என்று பழகிய மூன்று வயதுக் குழந்தையிடம் நர்சரியில் படத்தைக் காட்டி 'யே க்யா ஹை?' என்றால் திருதிருவென்று விழிக்கும். ஆறு மாதத்தில் நம் குழந்தைக்கு இந்தி வந்துவிடும், அதற்குள் யாரும் அதை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவதில்லை. ஆஸ்ட்ராவாவில் அந்த அவகாசம் கிடைக்காமல் போனது.

செக் அரசியல் சட்ட நீதிமன்றம் 1999-இல் கைவிரித்தது. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் 2006-இல் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோல்வி. மேல்முறையீட்டில் பேரமர்வு 2007 நவம்பர் 13 அன்று, பதின்மூன்றுக்கு நான்கு என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. யாரையும் ஒதுக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. பொதுவான விதி ஓர் இனத்தை மட்டும் பெருமளவில் பாதிக்கிறது என்பதை நம்பத்தக்க புள்ளிவிவரம் காட்டினால், காரணம் சொல்லவேண்டிய பொறுப்பு அரசுடையது. அடுத்தது கையெழுத்து. சாதாரணப் பள்ளியில் தன் குழந்தையை மற்றப் பிள்ளைகள் சீண்டுவார்கள், சிறப்புப் பள்ளியில் நம்மவர் கூட்டம் இருக்கும் என்று அஞ்சி ஒரு தாய் கையெழுத்திட்டால், அது விருப்பம் ஆகாது. அப்படியே விரும்பினாலும், இனப் பாகுபாட்டிற்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றது நீதிமன்றம்.

மொழி விஷயம் 2010-இல் மறுபடி வந்தது. குரோவேஷிய மொழி சரியாகத் தெரியாது என்று ரோமாப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்ததை எதிர்த்த வழக்கில் ஒன்பதுக்கு எட்டு. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்தார்கள்.

ஆஸ்ட்ராவாப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 4000 யூரோ நஷ்ட ஈடு கிடைத்தது. தீர்ப்பு நாளில் அவர்களுக்கு வயது பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை. போன வகுப்புகள் போனவைதான். 'சிறப்புப் பள்ளி' என்ற பெயர் 2005-லேயே சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனால் பல இடங்களில் பலகை மாறியதே தவிர, உள்ளே அதே ஆசிரியர், அதே குறைந்த பாடம். 2014-இல் ஐரோப்பிய ஆணையம் செக் நாட்டின் மீது நடவடிக்கை தொடங்கியது. லேசான அறிவுக் குறைபாடு என்று சொல்லித் தனியாக வைத்திருந்த அந்தப் பாடத்திட்டத்தை 2016 செப்டம்பரில்தான் நீக்கினார்கள்.