பின்வண்டிக்கும் 'பிரேக்' வேண்டும்!

இறக்கத்தில் மாட்டு வண்டி போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

அங்கே மாடு வண்டியை இழுக்காது. வண்டிதான் மாட்டைத் தள்ளும்! வண்டிக்காரர் தடைக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்துவார். அழுத்தாவிட்டால் மாடு தடுமாறி விழும்.

மோட்டார் வண்டிக்கும் இதே கதிதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையில் இருந்து அஞ்செட்டிக்குப் போகும் சாலை காடும் மலையும் நிறைந்தது. அந்தக் காட்டில் யானைகள் உண்டு. இப்படிப்பட்ட சாலையில், பழைய ஜீப்பின் பின்னால் 'டிரெய்லர்' என்னும் இழுவை வண்டியைப் பூட்டி 1,000 கிலோ பாரம் ஏற்றினால் என்ன ஆகும்?

அத்தனை பாரத்தையும் ஜீப்பின் பிரேக் ஒன்றே நிறுத்த வேண்டும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வளைவில் டிரெய்லர் ஜீப்பைத் தள்ளிக் குறுக்கே மடக்கிவிடும்.

ஆஸ்திரேலியாவில், பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கும் அமெரிக்காவிலும் பெரிதும் பயன்படுவது மின்சார பிரேக்.

காந்தம் செய்யும் வேலை

டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்ததும், அவர் அருகே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றும். டிரம் காந்தத்தைச் சற்று இழுக்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் அசைந்து, பிரேக் ஷூக்கள் விரியும். சக்கரம் நிற்கும்!

பழைய வண்டியில் முடியுமா?

முடியும். 12 வோல்ட் பாட்டரி உள்ள வண்டியில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நான்கு ஒயர்கள் போதும். ஒன்று பாட்டரிக்கு. ஒன்று எர்த்துக்கு. ஒன்று பிரேக் விளக்கு சுவிட்சுக்கு. மற்றொன்று டிரெய்லருக்கு. பாட்டரி ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். அதில் பியூஸும் வேண்டும்.

ஆனால் முதலில் ஜீப்பின் சொந்த பிரேக் சரியாக இருக்க வேண்டும். இழுவைக் கொக்கியைப் பம்பரில் மாட்டினால் போதாது. சேஸிஸில் இறுக்க வேண்டும்.

கொக்கி கழன்றால்?

அதற்கும் வழி உண்டு. டிரெய்லரிலேயே ஒரு சிறிய பாட்டரி இருக்கும். ஜீப்பில் இருந்து ஒரு கம்பி அதன் சுவிட்சுக்குப் போகும். டிரெய்லர் கழன்று ஓடினால் கம்பி முள்ளைப் பிடுங்கும். உடனே பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவைத் தாண்டும் டிரெய்லர்களுக்கு இது கட்டாயம். குறைந்தது 15 நிமிடம் அந்தப் பிடி நிற்க வேண்டும்!

சோதனை

மலையில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஆளில்லாத சமதரையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கரம் உருளாமல் தேய்ந்தால் மின்சாரம் அதிகம். சற்றுக் குறைக்க வேண்டும். டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளினால் மின்சாரம் குறைவு, கூட்ட வேண்டும்.

நம் நாட்டுச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதையும் பதிவு செய்ய வேண்டும். வண்டியை மாற்றி அமைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறிய கியரிலேயே மலையை இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். மின்சார பிரேக் பூட்டிய பிறகும் அந்தப் பேச்சை மறக்கக் கூடாது.