நம்பர் பிளேட் தெரிகிறதா? சைக்கிளுக்குக் கேமரா வாங்குவோர் கவனத்துக்கு

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சர்வீஸ் ரோட்டில் ஒரு விடியற்காலை நின்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் எதிர்ப்பக்கம். கேரியரில் டிபன் பாக்ஸ், தலையில் மப்ளர், பின்னால் சிவப்பு விளக்குகூட இல்லாத பழைய சைக்கிள். அவர்களை உரசிக்கொண்டு கம்பி ஏற்றிய லாரிகளும் கன்டெய்னர் டிரெய்லர்களும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழையும் வளைவில், டிரெய்லரின் வால் எவ்வளவு தூரம் உள்ளே அறுத்து வரும் என்பது சைக்கிள்காரருக்குத்தான் தெரியும்.

இந்தச் சைக்கிள்களில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கேமரா தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழவேற்காடு வரை மிதித்துப் போகும் சென்னைப் பிள்ளைகளிடம் முதலில் பார்த்தோம். அவர்களுக்கு அது ஏரியையும் நாரையையும் படம் பிடிக்க. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது சாட்சி. சாட்சிக்காக வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

சாட்சிக்கு என்ன மதிப்பு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனம் எது என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. உயிர் போயிருந்தால் 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும்தான். இறந்தவருக்கு வயது இருபத்தைந்தா, மூன்று குழந்தைகளா, மாதச் சம்பளம் எவ்வளவு என்று இந்தத் திட்டம் கேட்காது. எல்லாருக்கும் ஒரே தொகை.

வாகன எண் தெரிந்துவிட்டால் கதையே வேறு. 166-ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அங்கே வயது, வருமானம், நம்பியிருக்கும் குடும்பம், மருத்துவச் செலவு, ஊனத்தின் அளவு எல்லாம் கணக்குக்கு வரும். லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டும். இளம் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்கு அந்த 2 லட்சத்தைப்போல் பல மடங்கு கிடைக்க வழியிருக்கிறது. நான்கு இலக்கம் படத்தில் தெளிவாக விழுந்ததா இல்லையா என்பதில் ஒரு வீட்டின் பத்து வருட வாழ்க்கை நிற்கிறது. ஆகவே, கேமரா கடைக்குப் போகும்போது மனதில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இருட்டில், ஓடும் லாரியின் நம்பர் இதில் தெரியுமா?

பெட்டியில் எழுதியிருப்பது

என் தம்பி சிப்காட்டில் ஒரு உருட்டாலையில் வேலை பார்க்கிறான். போன வருடம் இணையத்தில் ஒரு கேமரா வாங்கினான். பெட்டியில் பொன்னிற எழுத்தில் '4கே' என்று போட்டிருந்தது. ஒரு நாள் இரவு டிரெய்லர் ஒன்று அவன் முழங்கையை உரசிவிட்டுப் போனது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். டிரெய்லர் தெரிந்தது, அதன் பின்விளக்கு தெரிந்தது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு செவ்வகம். நிறுத்தி, பெரிதாக்கி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். வெள்ளைதான்.

காரணம் எளிது. இப்போதைய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும் தகடு. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டதும் மலிவான சென்சார் திணறி, அந்த இடத்தை வெள்ளையாக்கிவிடும். இன்னொன்று, இருட்டில் போதுமான வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் லாரி நகர்ந்துவிடுவதால் எழுத்து இழுபடும். இந்த இரண்டையும் '4கே' சரிசெய்யாது. 4கே என்றால் ஒரு படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி என்றால் சுமார் 21 லட்சம். பல மலிவான கேமராக்களின் சென்சாரில் 21 லட்சம் புள்ளிதான் இருக்கும். மென்பொருளில் அதை ஊதிப் பெருக்கி 4கே என்று விற்கிறார்கள். நேர்மையான ஃபுல் எச்டி கேமரா, ஊதிய 4கே கேமராவைவிட எவ்வளவோ மேல்.

கடையில் வாங்குவதாக இருந்தால் மாலை ஏழு மணிக்குப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, கேமராவை ஆன் செய்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஏழெட்டு அடி தூரத்தில் கடந்துபோகும் பைக், ஆட்டோ, லாரி நான்கைந்தைப் படம் பிடியுங்கள். அங்கேயே போட்டுப் பாருங்கள். ஐந்தில் மூன்று நம்பராவது படிக்க முடியாவிட்டால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் இதே சோதனையை, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், முதல் நாள் இரவே செய்யுங்கள். மிக அகலமான கோணத்தில் வைத்தால் எல்லாம் தூரத்தில் சிறுத்துப்போகும் என்பதால், கோணத்தைக் குறைத்து வைத்தே பாருங்கள்.

அடுத்தது தூசி. மழைக்குத் தாங்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தூசிக்குத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. உருட்டாலைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது தெரியும்: காலையில் துடைத்த சைக்கிள் சீட்டில் மாலைக்குள் கருந்தூள் படிந்திருக்கும். ஐபி என்று தொடங்கும் எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் தண்ணீருக்கு மட்டும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்; தூசிக்கு மதிப்பெண் இல்லை. நம் பகுதிக்கு முதல் இலக்கம் 6 வேண்டும். 'வாட்டர்புரூஃப்' என்று மட்டும் எழுதி எண்ணே போடாததை நம்ப வேண்டாம். வாரண்டி அட்டையையும் படியுங்கள். தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மெமரி கார்டில்தான் போலி அதிகம். 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். நிரம்பியதும் புதிய பதிவுகள் கெட்டுப்போகும், தேவைப்படும் அன்றுதான் அது தெரியவரும். கார்டு வந்ததும் கணினியில் முழுக்க நிரப்பி, திரும்ப எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப அழித்து எழுதுவதற்கென்றே 'ஹை என்டியூரன்ஸ்' வகைக் கார்டுகள் இருக்கின்றன. தினசரி பயணத்துக்கு அவைதான் சரி.

கேமரா ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீட்டுக்குக் கீழே, பின்னோக்கி மாட்டுங்கள். பின்னாலிருந்து வரும் லாரியின் முன் நம்பர் அதில்தான் விழும். ஹெல்மெட்டில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. விழுந்தால் தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டி இருக்கும். பின்விளக்கு இல்லாத சைக்கிளுக்குக் கேமரா வாங்கப் புறப்பட்டவர், அந்தப் பணத்தில் முதலில் சிவப்பு விளக்கு வாங்கட்டும். கேமரா விபத்துக்குப் பிறகு உதவும். விளக்கு விபத்தையே தடுக்கும்.

ஏமாந்துவிட்டால்

2025 மார்ச் மாதம் இந்திய தர நிர்ணய அமைவனம், நாம் பிஐஎஸ் என்று சொல்லும் அலுவலகம், கும்மிடிப்பூண்டி வட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தியது. கட்டாயத் தரச் சான்று இல்லாத பொருட்கள் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது. மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். பிடிபட்டவை குடுவை, தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை போன்றவை. பெரிய நிறுவனத்தின் வழியாக வந்தது என்பதாலேயே பொருள் தரமானதாகிவிடாது என்பதை நம் ஊர்க் கிடங்கே காட்டிக் கொடுத்தது.

கேமராவும் அதன் லித்தியம் பேட்டரியும் பிஐஎஸ் கட்டாயப் பதிவுக்குள் வரும் பொருட்கள். பொருளின் மீதோ பெட்டியின் மீதோ முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். உப்பிப்போன பேட்டரியை ஒரு முறைகூட சார்ஜில் போடாதீர்கள். தகரக் கூரை அறையில் நான்கு பேர் தூங்கும் இடத்தில் அது தீயாக மாறும்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததையோ திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. 'நோ ரிட்டர்ன்' என்று எழுதிவைத்தாலும் இது பொருந்தும். நீங்கள் வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தம்பியின் கேமராவுக்கு முதலில் கைவிரித்தார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த பிறகுதான் பணம் திரும்பியது. அந்த எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதற்கெல்லாம் தேவை பில். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவர், உங்கள் உரிமையை நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய டேப் முதல் உள்ளே இருக்கும் பொருள் வரை நிறுத்தாமல் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

இடித்துவிட்டால்

முதலில் உயிர். 108-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். நெடுஞ்சாலை என்றால் 1033. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த பக்கத்து அறைத் தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள். பணம் கட்ட வேண்டுமே என்று பயந்து ஆஸ்பத்திரி போகாமல் இருப்பவர்கள் அவரைப் போன்றவர்கள்தான்.

பிறகு கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறும் கேமராவாக இருந்தால், ஓடவிட்டால் ஆதாரம் அழிந்துவிடும். வீடியோவை வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஆதாரமாகாது என்று நினைத்துக்கொள்வது நல்லது. அது வீடியோவைச் சுருக்கிவிடும், தெரிந்த நம்பரும் மங்கிவிடும். மூலக் கோப்பு கார்டிலேயே இருக்கட்டும், நகல் எடுத்து வையுங்கள். போலீசார் கார்டை வாங்கினால், மகஜரில் அது எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் சேர்க்கச் சொல்கிறது. ஒரு பகுதியில் கருவியை வைத்திருந்தவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். நம்பர் கடைசிவரை கிடைக்கவில்லையா? கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் 161-ஆம் பிரிவு நிவாரணத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். 2 லட்சம் போதாதுதான். ஆனால் அதைக்கூடக் கேட்காமல் விட்ட குடும்பங்கள் நம் ஊரில் இருக்கின்றன.

எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஆலைக்குள் நிர்வாக அனுமதி இல்லாமல் கேமரா ஓடக் கூடாது, கேட்டிலேயே அணைத்துவிடுங்கள். ஆவடி ராணுவத் தொழிற்சாலைகள் போன்ற தடைசெய்த இடங்களைப் படம் எடுத்தால் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் பாயும். பெண் தொழிலாளர் விடுதிப் பக்கம் கேமராவைத் திருப்பிவைப்பது குற்றமாக முடியும். யாரோ ஒருவருடன் வழித்தகராறு வந்தால் அந்த வீடியோவை ஊருக்குப் போட வேண்டாம், காவல் நிலையத்துக்குக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். மலிவான கேமராக்களில் பேட்டரி முழுதும் இறங்கினால் தேதி பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும். விபத்து நடந்த அன்று வீடியோவில் தவறான தேதி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கேமராவைத் திறந்து தேதி, மணி சரியா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் படிந்த கருந்தூளை ஒரு முறை துடைத்துவிட்டுப் போங்கள்.