உவர் எடுக்கும் உமரி

புதூர் வட்டாரக் கரிசலிலிருந்து வேம்பார், வைப்பாறு கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் உப்பளங்களின் ஓரம் பசந்தும் சிவந்தும் புதராக நிற்கும் குட்டைச் செடியைப் பார்த்திருப்பார்கள். அதுவே உமரி. சதைப்பற்றான சிறிய இலைகள், மென்றால் கரிக்கும். கடலோர மக்கள் இளந்தளிரைக் கிள்ளி வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கீரையாகச் சமைப்பது உண்டு. உப்புப் போடத் தேவையில்லை. இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடாமலிருப்பதே நல்லது.

உமரிக்கு வேறொரு பயனும் உண்டு. உவர் நிலத்தை நல்ல நீர் தேக்கி வடித்துத்தான் கழுவ வேண்டும். மானாவாரிப் பகுதியில் அந்த நீருக்கு எங்கே போவது? கரிசலில் நீர் எளிதில் கீழிறங்குவதும் இல்லை. உமரியோ மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துக் கொள்கிறது. தமிழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, 4 மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து உமரி 504 கிலோ உப்பை எடுத்தது. வங்காரவள்ளை 474 கிலோ.

செடியை அங்கேயே மடக்கி உழுதுவிட்டால் எடுத்த உப்பு மறுபடி மண்ணுக்கே போகும். வேரோடு பிடுங்கி நிலத்தைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியிலும் போடக்கூடாது.

உவரையும் களரையும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் பலர். களருக்கு ஜிப்சம் தேவை. உமரியை மட்டும் நம்ப முடியாது. கிணற்று நீரே உவராக இருந்தால், செடி எடுத்ததைப் பாசனம் திரும்பக் கொட்டிவிடும். ஆகவே மண்ணோடு கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே இதில் இறங்கவேண்டும்.